மயில் மீனுக்குத் தைத்த தூளி

"கொஞ்சம் மூச்சை இழுத்துப் பிடிம்மா."

முப்பது வருடமாக நான் ஒரு நாளைக்கு இருபது தடவை சொல்லும் வாக்கியம் இது. அளவு நாடா முதுகைச் சுற்றி முன்னால் வரும்போது வாய் தானாகச் சொல்லிவிடும். ஆனால் அன்று காலை நான் இதைச் சொன்ன இடம் என் கடை இல்லை. பட்டினப்பாக்கத்துக்கு நேர் கிழக்கே, கரை கண்ணுக்குத் தெரியாத தூரத்தில், ஒரு ஃபைபர் படகின் விளிம்பில் குப்புறப் படுத்திருந்தேன். இரண்டு கையும் முழங்கைவரை கடலுக்குள். நான் பேசிக்கொண்டிருந்தது என்னைவிட ஒரு முழம் நீளமான ஒரு மயில் மீனோடு.

படகின் பின்னால் மோட்டாரைப் பிடித்துக்கொண்டிருந்த மீனவர் தேசப்பன் கத்தினார். "யக்கா, அது மூச்ச இழுத்துச்சின்னா அப்பாலிக்கா நாம மூணு பேரும் தண்ணிக்குள்ளதான். சும்மா தடவிக்கினு இரு!"

தடவிக்கொண்டே இருந்தேன். மீன், நான் தைத்த தூளிக்குள் படகை ஒட்டிப் படுத்திருந்தது. அதன் கண் மேல் நான் தைத்த ஈரத்துணி. ஊசி மாதிரி நீண்ட மூக்கு தூளிக்கு வெளியே. முதுகில் பாய்மரம் மாதிரி விரியும் பாய் மடங்கி, ஒரு பட்டுப்புடவைக் கொசுவம் மாதிரி என் விரலுக்கடியில் கிடந்தது. தடவத் தடவ வழவழவென்று, குளிர்ச்சியாக, உள்ளே என்னவோ துடித்துக்கொண்டு.

போன வாரம் கல்யாணப் பெண்களுக்கு அளவெடுத்த கதைகளை எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகி, "மனுஷர்கள் தவிர யாருக்காவது தைத்ததுண்டா?" என்று விளையாட்டாகக் கேட்டிருக்கிறார். உண்டு தாயே. அதைச் சொல்லத்தான் இந்த வாரம் கடலுக்குள் வந்து குப்புறப் படுத்திருக்கிறேன்.

கையைத் தூக்கினால் வாய் திறக்கும்

என் கடை மயிலாப்பூரில், கச்சேரி சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருக்கிறது. இரண்டு மிஷின், ஒரு கண்ணாடி, ஒரு ஃபேன். நான் எட்டாவதுவரை படித்தவள். தையலை யாரிடமும் கற்கவில்லை. நடைபாதையில் பழைய துணி வாங்கி, தையலைப் பிரித்துப் பார்த்து, திரும்பச் சேர்த்துத் தைத்துக் கற்றேன். முதல் வருடம் பிரித்தது எல்லாம் ஒழுங்காகத் திரும்பச் சேரவில்லை என்பது வேறு விஷயம்.

இத்தனை வருடத்தில் ஒன்று கண்டுபிடித்தேன். அளவு கொடுக்கக் கையைத் தூக்கி நிற்கிறவர்கள் பொய் பேசுவதில்லை. கை மேலே போனதும் மனசு கீழே இறங்கி வாய்க்கு வந்துவிடுகிறது. ஒருத்தி சொன்னாள், "அக்கா, போன வருஷ அளவையே போட்டுக்கங்க. நான் மெதுவா அதுக்கு வந்து சேந்துடறேன்." இன்னொருத்தி, புது மாமியார்: "கொஞ்சம் இறுக்கமாவே தைம்மா, சிரிக்காம இருக்கணும்." இந்த மாதிரிப் பேச்சுகளை எல்லாம் பழைய அளவு நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதி வைத்திருக்கிறேன். அளவை மறந்தாலும் பேச்சை மறக்க மாட்டேன்.

வைதேகியும் அப்படித்தான் கையைத் தூக்கிக்கொண்டு நின்றபோது அழுதாள்.

மாட வீதிப் பக்கத்துப் பெண். பாவாடை காலத்திலிருந்து என் வாடிக்கை. பெரிய படிப்பெல்லாம் படித்து, தரமணியில் ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் கடலைப் பற்றி வேலை. அன்றைக்கு நான் தோள் அளவு எடுத்துக்கொண்டிருந்தேன். தோள் குலுங்கியது. நாடாவில் எண் நிற்கவில்லை.

"என்னம்மா?"

"என் மீன் செத்துப்போயிடுத்து அக்கா."

நான் வீட்டில் வளர்க்கும் தங்கமீன் என்று நினைத்து, "அதுக்கென்னம்மா, வேற வாங்கிக்கலாம்" என்று சொல்லித் தொலைத்தேன். அவள் அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள். "எண்பது கிலோ அக்கா!"

அவளே உட்கார்ந்து விளக்கினாள்.

பேசாமல் போகும் கருவி

பெரிய மீன்கள் ஒரு இடத்தில் இருப்பதில்லையாம். இன்றைக்கு நம் கடற்கரைக்கு நேரே நிற்கும் மயில் மீன், அடுத்த மாதம் எந்த ஊர்க் கடலில் நிற்கும், எவ்வளவு ஆழத்துக்கு முங்கும், எதற்கு முங்கும் என்று சரியாக யாருக்கும் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள ஒரு சின்னக் கருவி. டேக் என்றாள். கைப்பையிலிருந்து ஒரு பொம்மை டேக்கை எடுத்துக் காட்டினாள். மேடையில் பாடுகிறவர்கள் பிடிக்கும் மைக் மாதிரி ஒரு உருண்டைத் தலை, அதிலிருந்து வால் போல ஒரு கம்பி. மீனின் முதுகில் சின்ன முள் ஒன்றைக் குத்தி, அதில் இதைக் கட்டி விட்டுவிடுவார்கள். மீன் போகும் இடமெல்லாம் அதுவும் போகும். ஆழம், சூடு, வெளிச்சம் மூன்றையும் குறித்துக்கொண்டே இருக்கும்.

"வெளிச்சம் எதுக்கு?"

"விடியற நேரமும் இருட்டற நேரமும் தெரிஞ்சா, மீன் எந்த ஊருக்கு நேர இருக்குன்னு கணக்குப் போட்டுடலாம் அக்கா. புரியறதா?"

எனக்குப் புரியாமல் இருக்குமா! எங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் தொழுகை நேர அட்டவணையின் அடியில், இன்ன ஊருக்கு இத்தனை நிமிடம் கூட்டு, இன்ன ஊருக்கு இத்தனை நிமிடம் கழி என்று போட்டிருக்கும். அதே கணக்கு. "உன் மீனுக்குப் பொழுது சாயற மக்ரிப் எத்தனை மணிக்குன்னு தெரிஞ்சா போதும், ஊரைச் சொல்லிடலாம். அவ்வளவுதானே?" என்றேன். வைதேகி பொம்மை டேக்கைத் திரும்பப் பைக்குள் வைத்தாள். பிறகு, "எங்க ஆபீஸ்ல இதைப் புரியவைக்க எனக்கு ரெண்டு மீட்டிங் ஆச்சு" என்றாள்.

இந்தக் கருவியின் குணம் என்னவென்றால், மீனோடு இருக்கும்வரை வாயே திறக்காது. மூன்று மாதம் என்று நாள் குறித்து அனுப்புவார்கள். நாள் வந்ததும் தானாகக் கழன்று, மிதந்து மேலே வந்து, வானத்தில் போகும் சாட்டிலைட்டுக்குச் சேதி சொல்லும். நடுவில் மீன் செத்து அடியில் போய்க் கிடந்தாலும் அதுவே புரிந்துகொண்டு கழன்று வந்து முன்கூட்டியே பேசிவிடும்.

வைதேகியின் முதல் மீன் மூன்றாவது நாளே பேசிவிட்டது.

"படகுக்குள்ள இழுத்துப் போட்டுட்டா அக்கா. பலகை மேல அடிச்சுண்டு, புரண்டு... திரும்ப விட்டோம். நேரா கீழ போயிடுத்து. கோடு கிழிச்ச மாதிரி." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "இன்னும் ஒரே ஒரு டேக்தான் பாக்கி. அதுவும் போச்சுன்னா ஃபைலை மூடிடுவேன்னு எங்க டைரக்டர் சொல்லிட்டார். நான் பழையபடி மண்ணு சாம்பிள் எண்ணிண்டு உக்காரணும்."

மீனைப் படகில் ஏற்றாமல், தண்ணீரிலேயே பிடித்து வைக்க ஒரு தூளி வேண்டும் என்றாள். வெளிநாட்டில் கிடைக்கிறது. வந்து சேர ஆறு மாதம். அதற்குள் மீன் வரும் பருவம் முடிந்துவிடும்.

நான் நாடாவை உதறிக் கழுத்தில் போட்டுக்கொண்டேன். "அளவு சொல்லு."

லூப் ரோட்டில் நாடாவோடு

அவளுக்கு நீளம் மட்டும்தான் தெரிந்தது. எண்பது கிலோ உடம்புக்கு நீளத்தை மட்டும் வைத்துக்கொண்டு எந்தத் தையல்காரி துணி வெட்டுவாள்?

மறுநாள் காலை லூப் ரோடு மீன் சந்தைக்குப் போனேன். தேசப்பனின் மனைவி அஞ்சலை அங்கே கடை போட்டிருந்தாள். வைதேகி சொல்லி அனுப்பியிருந்ததால் ஒரு மயில் மீனை வெட்டாமல் வைத்திருந்தாள். நான் உட்கார்ந்து நாடாவைச் சுற்றினேன். தலைக்குப் பின்னால் ஒரு சுற்று, வயிற்றில் ஒரு சுற்று, வாலுக்கு முன்னால் ஒரு சுற்று.

சந்தையே கூடிவிட்டது.

"இன்னாக்கா, மீனுக்கு ஜாக்கெட்டா?"

"ஆமா அஞ்சலை."

"கை வெச்சதா, கை இல்லாததா?"

"இதுக்கு எங்க கை இருக்கு?"

"அப்ப கூலி கம்மியா வாங்கு!" என்றாள். பக்கத்துக் கடைக்காரி விடவில்லை. "பின்னால எறக்கமா வெட்டுக்கா, அதுக்கு முதுகுதான் அழகு." எனக்குச் சிரிப்பில் எண் தவறி, மூன்று தடவை சுற்றினேன். ஆனால் அவள் சொன்னது சரிதான். முதுகில் பாய் இருப்பதால் மேல்பக்கம் முழுக்கத் திறந்தே இருக்க வேண்டும். மூக்குக்கு முன்னால் ஒரு திறப்பு. செவுளுக்குத் தண்ணீர் போக இரண்டு பக்கமும் பிளவு. அஞ்சலை அதையெல்லாம் தன் விரலால் மீன் மேல் கோடு போட்டுக் காட்டினாள். மீன் உடம்பு அவளுக்குத் தெரிந்த அளவுக்கு எனக்கு மனுஷ உடம்பு தெரியுமா என்பது சந்தேகம்தான்.

துணிக்கு அலைந்தேன். கித்தான் சொரசொரப்பு. தார்ப்பாய் மடங்காது. கடைசியில் என் வீட்டுக்காரர் கரீம் ஆட்டோ கூரைக்காக வாங்கி வைத்திருந்த ரெக்சினைத் தடவிப் பார்த்தேன். ஒரு பக்கம் கண்ணாடி மாதிரி வழவழப்பு. ஆட்டோவுக்குக் கூரை இல்லாமல் போனதைப் பற்றி அவர் பேசியதை இங்கே எழுத முடியாது. கடைசியில் அவரே தி.நகருக்குப் போய், ரங்கநாதன் தெருவில் பெரிய பிளாஸ்டிக் கொக்கிகள் வாங்கி வந்தார். கொடுக்கும்போது, "உன் மாப்பிள்ளைக்கு இது போதுமா பாரு" என்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் மீனுக்கு மாப்பிள்ளை என்றே பெயர்.

வழவழப்பான பக்கம் மீன் உடம்பில் படும்படி வைத்து, தடித்த நூலில் இரட்டைத் தையல் போட்டேன். முடித்ததும் அதற்குள் நானே படுத்துப் பார்த்தேன். வைதேகி இரண்டு பக்கமும் தூக்கிப் பிடிக்க முயன்று, சிரிப்பு தாங்காமல் கீழே போட்டுவிட்டாள்.

நீலம்

இப்போது திரும்பப் படகுக்கு வருகிறேன். கொக்கிகளை அவிழ்க்கத் தெரிந்தவள் நான்தான் என்பதால் என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். தேசப்பனுக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை. மீன் மாட்டும்வரை முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

"மீனு புடிக்கிறது எங்கப்பன் சொல்லிக் குட்த்தாரு. புடிச்ச மீன வுடுறத ஒர்த்தனும் சொல்லிக் குடுக்கல."

"நான் சொல்லித் தரேன் அண்ணா," என்றாள் வைதேகி.

"நீ சொல்வ. கரைல அஞ்சல கேப்பா, அவளுக்கு நீயே வந்து சொல்லு."

வெயில் ஏறிக்கொண்டிருந்தபோது தூண்டில் கயிறு விறைத்தது. அவ்வளவுதான், முணுமுணுப்பு போன இடம் தெரியவில்லை. மீன் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு எழுந்து, வாலில் நின்று, தலையை உதறியது. நான் படகின் அடியில் உட்கார்ந்து, எனக்குத் தெரிந்த துஆ எல்லாவற்றையும் வரிசை இல்லாமல் சொன்னேன். நடுவில் இரண்டு தடவை வாந்தி. தேசப்பன் இழுத்தும் விட்டும், விட்டும் இழுத்தும், கடைசியில் கையுறை போட்ட கையால் அதன் மூக்கைப் பிடித்துவிட்டார். "யக்கா! தூளி! தூளி!"

தூளியை அடியில் நுழைத்து இழுத்தோம். கச்சிதம். ஒரு விரல்கூட அதிகம் இல்லை, குறைவும் இல்லை. அந்த நேரத்திலும் எனக்குப் பெருமை வந்தது, மறைக்க மாட்டேன். ஈரத்துணியால் அதன் கண்ணை மூடினேன். அடங்கிவிட்டது. செவுளுக்குள் தண்ணீர் ஓட வேண்டும் என்பதால் தேசப்பன் படகை நடை வேகத்தில் ஓட்டினார். வைதேகி ஒரு கழியின் நுனியில் டேக்கை வைத்து, முதுகின் பக்கத்தில் ஒரே குத்து. அப்போதுதான் நான் "மூச்சை இழுத்துப் பிடிம்மா" என்றது.

களைப்பில் மீனின் நிறம் செத்து, துருப்பிடித்த தகரம் மாதிரி இருந்தது. தடவிக்கொண்டே இருந்தேன். மெதுவாக என் விரலுக்குப் பக்கத்தில் ஒரு நீலக் கோடு வந்தது. அப்புறம் இன்னொன்று. யாரோ உள்ளேயிருந்து விளக்கு போடுகிற மாதிரி, வரிசையாக, வால்வரை.

"இப்ப அக்கா! இப்ப!"

கொக்கியைத் தட்டினேன். கண் துணியை இழுத்தேன். அது என்னைப் பார்த்தது என்று சொன்னால் வைதேகி ஒப்புக்கொள்ள மாட்டாள். ஆனால் பார்த்தது. பிறகு அங்கே தண்ணீர் மட்டும்தான் இருந்தது.

மூன்று பேரும் ஒரே நேரத்தில் கத்தினோம். தேசப்பன்தான் அதிகம் கத்தினார்.

உள்தையல்

வீட்டுக்கு வந்து, மொட்டை மாடியில் தூளியைத் திருப்பிப் போட்டு அலசினேன். பாடிக்கொண்டே அலசினேன். பாட்டு பாதியில் நின்றது.

உட்பக்கம், தையல் ஓடிய இடமெல்லாம், கருநீலமாக ஒரு கோடு. விரலால் தொட்டேன். மீனின் தோல் பொடி, அதன் மேல் இருக்கும் வழவழப்பு, எல்லாம் சேர்ந்து ஒட்டியிருந்தது.

சட்டை, ரவிக்கை எதுவானாலும் வெட்டிய ஓரம் உள்ளேதான் போகும். அரை அங்குலம் துணியை உள்ளே விட்டுத் தைப்பதுதான் வழக்கம். நாளைக்கு உடம்பு பெருத்தால் பிரித்துக்கொள்ளலாம். வெளியே பார்க்கிறவர்களுக்கு ஓரம் தெரியாது. முப்பது வருடக் கை அப்படியே தைத்துவிட்டது. வழவழப்பான பக்கத்தைத் தேடித் தேடி உள்ளே வைத்தவள், வெட்டிய ரெக்சின் ஓரத்தையும் உள்ளேயே வைத்திருக்கிறேன். நகம் மாதிரி ஓரம். மீனைப் பார்க்க வெளியே யார் வரப்போகிறார்கள்? அதற்கு அழகு வெளியே எதற்கு?

சொல்லாமல் இருந்துவிடலாமா என்று ஒரு மணி நேரம் யோசித்தேன். பொய் சொல்ல மாட்டேன், யோசித்தேன். பிறகு போன் செய்தேன்.

வைதேகி திரும்பக் கேட்டாள். "உள்பக்கமாவா அக்கா?"

"உள்பக்கம்தாம்மா. கைப் பழக்கம்."

"அந்த வழவழப்புதான் அதுக்குத் தோல் மாதிரி. அது போனா புண்ணாகலாம். ஆகாமலும் போகலாம்." மூச்சு விட்டாள். "எனக்கும் தோணலை அக்கா. நானும்தானே கையில வெச்சுண்டு பார்த்தேன். இனிமே ஒண்ணும் செய்யறதுக்கில்லை. டேக் பேசாத வரைக்கும் நல்லதுன்னு நெனச்சுக்கோங்கோ."

"மீன் பேசிச்சா?"

மூன்று மாதம் போன் வராமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும் நிலைமை உங்களில் யாருக்காவது வந்திருக்கிறதா? எனக்கு வந்தது. சுவரில் தையல் சாக்கட்டியால் நாளுக்கு ஒரு கோடு போட்டேன். மூன்றாவது கோடு தாண்டியது. முதல் மீன் தாண்டாத கோடு. அன்றைக்குத் தெருவில் எல்லோருக்கும் டீ சொன்னேன்.

சேதி பரவிவிட்டது. துணி வாங்க வருகிறவர்கள் துணியைக் கேட்பதற்கு முன், "மீன் பேசிச்சா?" என்பார்கள். "இல்லை" என்பேன். "அப்பாடா" என்று உட்கார்வார்கள். ஆழ்வார்பேட்டையிலிருந்து வரும் ஒரு மாமி, "பேசவே படாதுடீ. எங்காத்து மனுஷரும் பேசாம இருக்கற வரைக்கும்தான் நன்னா இருப்பார். வாயைத் தொறந்தார்னா ஒடம்புக்கு முடியலைன்னு அர்த்தம்" என்றாள். நோட்டில் எழுதிக்கொண்டேன்.

கரீம் தினமும் ராத்திரி சாப்பிடும்போது, "மாப்பிள்ளை கிட்டேயிருந்து சேதி உண்டா?" என்பார். "இல்லை." "நல்ல மாப்பிள்ளை."

சிரித்தோம். ஆனால் தனியாக மிஷினில் உட்காரும்போது, அந்தக் கருநீலக் கோடு என் கண்ணுக்கு முன்னால் ஓடும். வைதேகி கடைப் பக்கம் வரும்போதெல்லாம் நான் முதலில் அவள் முகத்தைத்தான் பார்ப்பேன்.

ஒன்றரை மாதம் இப்படிப் போனது. ஒரு நாள் காலை, பதினோரு மணி இருக்கும். கத்தரியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பட்டுத் துணியின் கைப்பகுதியை வெட்டிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது.

"பேசிடுத்து அக்கா."

கத்தரி அது பாட்டுக்குப் போய்விட்டது. அந்தப் பட்டு ரவிக்கையின் சொந்தக்காரி இதைப் படித்துக்கொண்டிருந்தால், உங்கள் கை ஏன் முக்கால் கை ஆனது என்பதற்குக் காரணம் இதுதான். மன்னித்துவிடுங்கள்.

தரமணியில் ஒரு மதியம்

திருமயிலை ஸ்டேஷனில் ரயில் ஏறித் தரமணி போய்ச் சேர்ந்தேன். வாசலில் காவலாளி ஒரு நோட்டைக் கொடுத்தார். பெயர் எழுதினேன். வந்த காரணம் என்ற இடத்தில் "மீன்" என்று எழுதினேன். அவர் படித்துப் பார்த்து, என் கையில் பை இருக்கிறதா என்று பார்த்தார். "கொண்டு வரலைங்களா?"

"இல்லைங்க. கேட்கத்தான் வந்திருக்கேன்."

வைதேகியின் அறை ஐஸ்பெட்டி மாதிரி குளிர்ந்தது. அவள் முகம் பேயறைந்த மாதிரி. கம்ப்யூட்டரில் ஒரு வெள்ளைத் திரை. அதில் அங்கங்கே சின்னச் சின்னக் கோடுகள்.

"பாதிக்காலத்துலயே கழண்டு வந்துடுத்து. ஒண்ணு, மீன் செத்துப் போயிருக்கணும். இல்லைன்னா முள்ளு நழுவி டேக் மட்டும் விழுந்திருக்கணும். எதுன்னு கடைசி நாளைப் பார்த்தாத்தான் தெரியும்."

"பாரேன் அப்ப!"

"இன்னும் வரலையே அக்கா. துண்டு துண்டா அனுப்பும். வரிசையாவும் அனுப்பாது."

வெட்டிப் போட்ட துணி மாதிரி என்று புரிந்துகொண்டேன். முன்பக்கம், கை, கழுத்துப்பட்டி எல்லாம் கலைந்து கிடக்கிறது. எங்கே எது என்று சேர்த்தால்தான் ரவிக்கை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

இருபதாவது நாள் வந்தது. கோடு மேலும் கீழும் ஏறி இறங்கியது. "முங்கறது அக்கா! பாருங்கோ, பகல்ல முங்கறது, ராத்திரி மேல வந்துடறது." ஓர் இடத்தில் கோடு கீழே போய்க்கொண்டே இருந்தது. கபாலி கோயில் கோபுரத்தைத் தலைகீழாக மூன்று அடுக்கு வைத்தால் வரும் ஆழமாம். என் மாப்பிள்ளை அவ்வளவு தூரம் போய், இரண்டு நிமிடத்தில் திரும்பி வந்திருக்கிறான். நான் கை தட்டினேன். பக்கத்து அறையிலிருந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள்.

அடுத்து வந்தது முதல் நாள்.

நாங்கள் விட்ட நேரத்திலிருந்து மறுநாள் விடியும்வரை கோடு மேல் பக்கத்தில் ஒரே நேராகக் கிடந்தது. முங்கவே இல்லை. "வலியா இருந்திருக்குமாம்மா? என் தையலாலயா?"

"இருக்கலாம். களைப்பாவும் இருக்கலாம். எனக்குத் தெரியாது அக்கா, தெரியும்னு சொன்னா பொய்." திரையைத் தொட்டாள். "ஆனா இதோ, விடிஞ்சதும் முதல் முங்கல்."

சின்னக் கோடுதான். ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு இருக்கும். மருத்துவமனையில் படுத்திருப்பவர் முதல் தடவை எழுந்து ஜன்னல்வரை நடந்து பார்ப்பது மாதிரி. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒன்றும் வரவில்லை. வைதேகி தயிர்சாத டப்பாவைத் திறந்து எனக்குப் பாதி கொடுத்தாள். இரண்டு பேருக்கும் இறங்கவில்லை.

"அடுத்த சாட்டிலைட் எப்ப வரும்?"

"மூணே காலுக்கு."

"லேட்டாகுமா?"

"பஸ்ஸில்லை அக்கா, சாட்டிலைட்!"

இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். சிரித்துக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்தோம். மூன்று மணிக்கே டைரக்டர் வந்து, கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நின்றார். உயரமான மனிதர். நான் யார் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மூன்றே காலுக்கு எட்டாவது நாள் வந்தது. பிறகு முப்பத்தொன்று. பிறகு முதலிலேயே வந்த ஒன்று திரும்ப வந்தது. "ஐயோ, இது இருக்கே!" என்று வைதேகி திரையை அடித்தாள். அப்புறம் ஒரு துண்டு வந்து, திரையின் வலது கோடியில் தானாகப் போய் உட்கார்ந்தது.

கடைசி நாள்.

கோடு காலையில் முங்கியது. ஏறியது. மறுபடி முங்கியது. மத்தியானம் ஒரு பெரிய முங்கல், செங்குத்தாகக் கீழே. கோடு கிழித்த மாதிரி என்று அவள் அழுதுகொண்டே சொன்னது அப்படியே கண்ணுக்கு முன்னால்.

கோடு ஏறியது. மேல்வரை ஏறி வந்து, அப்புறம் அங்கேயே நேராக, நேராக, நேராக.

"வைதேகி... நின்னுடுச்சேம்மா?"

"மேல நிக்கறது அக்கா." அவள் குரல் கீச்சென்று போனது. "மேல! கீழ இல்லை. செத்திருந்தா கீழன்னா கிடக்கும்! இது டேக் மட்டும் மிதக்கறது. வேகமா ஏறி வரச்சே முள்ளு நழுவியிருக்கு. கழட்டிப் போட்டுட்டுப் போயிடுத்து!"

"அப்ப அது?"

"போயிடுத்து அக்கா! உயிரோட! இலங்கைக்குக் கிழக்க எங்கயோ போயிண்டிருக்கு!"

எழுந்து என்னைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் அந்தச் சின்ன அறையில் நின்ற இடத்திலேயே குதித்தோம். டைரக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரையை ஒரு தடவை பார்த்தார். "ஃபைலை மூட வேணாம்" என்றார். வாசல்வரை போய்த் திரும்பி, "அந்தத் தூளி தைச்சது யாரு?" என்றார்.

"நான்தாங்க. ஒரு தப்பு இருக்கு அதுல. அடுத்ததுல ஓரத்தை வெளியே வெச்சுத் தைக்கிறேன்."

"நாலு வேணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் தேசப்பனுக்குப் போன் போட்டேன். கடலில் இருந்தார், கிடைக்கவில்லை. அஞ்சலைக்குப் போட்டேன். பின்னால் சந்தை இரைச்சல். கத்தி பலகையில் விழும் சத்தம், தண்ணீர் ஊற்றும் சத்தம்.

"அஞ்சலை! நம்ம மீன் உயிரோட இருக்கு!"

"இன்னாக்கா? கேக்கல!"

"உயிரோட இருக்குடி! மீன்!"

கத்தியைக் கீழே போடும் சத்தம். அப்புறம் அவள் சந்தை முழுக்கக் கேட்கிற மாதிரிக் கத்தினாள். "ஏய்! மயில் மீனு உசுரோட கீதாம்!"

யாரோ ஒரு ஆள், மீன் வாங்க வந்தவர் போலிருக்கிறது, அவசரமாகக் கேட்டார். "உசுரோடவா? கிலோ இன்னா வெல?"

அஞ்சலை சிரித்த சிரிப்பில் எனக்குக் காது அடைத்தது.

"அது விக்கிறதுக்கு இல்ல நைனா," என்றாள். "அது போய்க்கினே கீது."